இரண்டாவது ஜாமீன்தாரர்

தண்ணீர் லாரி வந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். மேட்டுக் காலனிப் பெண்கள் குடங்களோடு அதைச் சுற்றி நின்ற நேரத்தில்தான் அந்த ஆள் தெருமுனையில் பைக்கை நிறுத்தினான். வண்டியைப் பூட்டினான். பூட்டியதைக் குனிந்து இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். கறுப்பு ஷூ, ஒட்ட வெட்டிய முடி, கக்கத்தில் ஒரு ஃபைல். ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்த அமுலு முதலில் ஷூவைத்தான் பார்த்தாள். பக்கத்தில் நின்ற நாத்தனார் தேசம்மாளை முழங்கையால் இடித்தாள். தேசம்மாள் அடுத்தவளை இடித்தாள். லாரியின் மறுபக்கம் வரை அது போய்ச் சேர்வதற்குள் பேச்சு அடங்கி, குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"குப்புராஜ்னு ஒருத்தர். கதவு எண் பதினாலு. எந்த வீடும்மா?"

யாரையும் பார்க்காமல் பொதுவாகக் கேட்டான். பதில் சொன்னது அமுலுதான்.

"அப்டி யாரும் இங்க இல்லீங்களே."

"பதினாலாம் நம்பர்?"

"நம்பர்லாம் மழையில அழிஞ்சி பூட்ச்சி. இங்க யாருக்குத் தெரியும்?"

அவன் இன்னும் மூன்று பேரிடம் கேட்டான். ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாள். ஒருத்தி தான் இந்தத் தெருவுக்கே புதுசு என்றாள். அவள் பிறந்தது இதே தெருவில். மூன்றாமவள் காது கேட்காதவள்போல் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஃபைலைத் திறந்து, நின்றபடியே இரண்டு வரி எழுதினான். பிறகு போய்விட்டான்.

பைக் சத்தம் மெயின் ரோட்டில் கரைந்த பிறகுதான் சிரிப்பு கிளம்பியது. "மஃப்டிதான், ஷூவப் பாத்தியா" என்றாள் ஒருத்தி. "ஃபைல் தூக்கினு வர்ற மஃப்டி புச்சா கீது" என்றாள் தேசம்மாள். அமுலு தன் கடைசிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது, பதினாலாம் நம்பர் வீட்டின் மூடிய கதவருகே ஒரு கணம் நின்றாள். "பூட்டான் அத்தே, பயப்படாதீங்க" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. அந்த வீட்டிலிருந்து எட்டு மாதமாகப் பகலில் பதில் வருவதில்லை.

மேட்டுக் காலனி கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் பின்புறம், இரும்பு உருக்கும் மில் ஒன்றின் சுற்றுச்சுவரை ஒட்டிக் கிடக்கும் ஒற்றைத் தெரு. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் இருபத்தாறு வீடுகள். ஐப்பசி பிறந்து தூறல் விழுந்தால், காற்றில் மிதக்கும் இரும்புத்தூள் கொடியில் காயும் துணியில் வந்து அப்பி, வெள்ளைச் சட்டையில் துருக்கறை கட்டும். அதற்காக யாரும் துணியை உள்ளே எடுப்பதில்லை. எடுத்து முடியாது.

இருபத்தாறு வீட்டில் பதினோரு வீட்டு ஆண்கள் அப்போது புழல் சிறையில் இருந்தார்கள். எல்லோரும் ஒன்றும் செய்யாதவர்கள் என்று அந்தத் தெருவே சொல்லாது. நான்கு வருடம் முன்னால் மூடிக்கிடந்த ஒரு ஃபேக்டரியில் கேபிள் வெட்டியது இந்தத் தெரு ஆட்கள் மூன்று பேர்தான். அதற்குப் பிறகு தொழிற்பேட்டையில் எங்கே என்ன காணாமல் போனாலும் ஜீப் முதலில் இங்கேதான் வந்தது. ஜாமீனில் வந்தவன் தினம் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும். பத்தரைக்குக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு எந்த ஷிப்டில் வேலை கிடைக்கும்? அப்படி வேலை போன மூன்று பேரில் இரண்டு பேர், அடுத்த மாதமே ஏரிக்கரையில் கேபிளை எரித்துத் தாமிரம் எடுக்கிறவர்களோடு போய்ச் சேர்ந்தார்கள். முன்னால் செய்யாததையும் இப்போது செய்தார்கள்.

ஆண்கள் போனதும் தெரு திறந்து கிடந்தது. மூலை விளக்கு எரிவதில்லை, ஏறிப் பார்க்க ஆள் இல்லை. மூன்று வீட்டில் கேஸ் சிலிண்டர் திருட்டுப் போனது. யாரும் புகார் கொடுக்கவில்லை. புகார் கொடுத்தால் ஜீப் வரும், வந்தால் வெறும் கையோடு போகாது. எங்கிருந்தோ வரும் பையன்கள் கால்வாய் மதகில் உட்கார்ந்து கஞ்சாப் பொட்டலம் விற்றார்கள். போன ஆடியில் ஒரு கிழவர் செத்தபோது பாடை தூக்க நாலு தோள் சேரவில்லை. பக்கத்து ஊருக்குச் சொல்லியனுப்பி, பிணம் சாயங்காலம் வரை காத்துக் கிடந்தது.

அதையெல்லாம்விடப் பெரிய பஞ்சம் ஒன்று வந்தது. ஜாமீன்தாரர் பஞ்சம். ஜாமீன் கிடைத்தால் இரண்டு பேர் பொறுப்பேற்று எழுதிக் கொடுக்கவேண்டும். ஒருவர் ரத்த உறவு. மற்றவர் தன் பேரில் வீட்டு வரி ரசீது உள்ள யாராவது. ஒரு ரசீதை ஒரு கேஸில் வைத்துவிட்டால் அந்தக் கேஸ் முடியும்வரை இன்னொன்றுக்கு வைக்க முடியாது. தெருவில் இருந்த ரசீதெல்லாம் ஒவ்வொன்றாய்க் கோர்ட்டுக் கட்டுகளுக்குள் போயின. பிறகு வெளியே காசு வாங்கிக்கொண்டு பொய் ரசீதோடு வந்து நிற்கும் ஆட்கள் முளைத்தார்கள். கோர்ட்டும் சும்மா இருக்கவில்லை. ஜாமீன்தாரர் சொல்லும் விலாசத்தில் இருக்கிறாரா என்று கிராம நிர்வாக அலுவலரை நேரில் போய்ப் பார்த்து எழுதச் சொன்னது.

இந்தக் கடைசி விஷயம் மட்டும் அமுலுவுக்குத் தெரியாது.

அவள் புருஷன் டில்லிபாபு கிரேனுக்குச் சங்கிலி மாட்டுகிற வேலை செய்தவன். பத்தொன்பது வயதில் ஒரு மோட்டார் திருட்டில் மாட்டி வெளியே வந்தவன். அந்தப் பழைய பேருக்காக, ஏழு மாதம் முன்னால் நடந்த ஒரு கேபிள் திருட்டில் அவனையும் சேர்த்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது முறை மனு போட்டு ஜாமீன் கிடைத்தது. பதினைந்து நாளுக்குள் இரண்டு ஜாமீன்தாரர் நிற்கவேண்டும், தவறினால் ஜாமீன் தானாக ரத்து. ரத்து ஆனால் என்ன ஆகும் என்று வக்கீல் ராஜமாணிக்கம் ஒரே வரியில் சொல்லியிருந்தார்: "அடுத்த மனு போடறதுக்குள்ள அவன் மேல குண்டாஸ் போட்டுட்டா ஒரு வருஷம் நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

டில்லிபாபுவின் அக்காள் தேசம்மாள் ரத்த உறவு. தெருவில் மிஞ்சியிருந்த ஒரே ரசீது பதினாலாம் நம்பர் குப்புராஜுடையது. குடோன் ஒன்றில் நைட் வாட்ச்மேன். யாருக்கும் ஜாமீன் நின்றதில்லை, யார் வீட்டு விசேஷத்துக்கும் போனதில்லை. காரணம் தெருவுக்கே தெரியும். அவர் மகன் சரவணன் ஒரு அடிதடிக் கேஸில் ஒன்றரை வருடமாக வாய்தாவுக்குப் போகாமல், வாரண்ட் விழுந்து, எட்டு மாதமாக அந்த வீட்டுக்குள்ளேயே கிடக்கிறான். குப்புராஜின் மனைவி பூங்காவனம் வேண்டவே வேண்டாம் என்று நின்றாள். அமுலு ஒன்பது நாள் அந்த வாசலுக்கு நடந்தாள். கடைசியில் குப்புராஜ், யாரும் தன் வீட்டுப் படி ஏறக்கூடாது என்ற பேச்சின்பேரில் கோர்ட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டார். விசாரிக்க ஆள் வரும் என்று வக்கீல் அவரிடம்தான் சொன்னார். நைட் டூட்டி முடித்து வந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்த மனிதர் அதைத் தலையாட்டிக் கேட்டு அங்கேயே விட்டுவிட்டார்.

அன்று பதிமூன்றாவது நாள்.

அமுலு வேலை செய்தது பழைய இரும்பு பிரிக்கும் யார்டில். நசுக்கிய இரும்புக் குவியலுக்கு முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் நிழலில் பெண்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். ஒரு கையில் காந்தம் கட்டிய குச்சி, ஒரு கையில் சுத்தியல். காந்தம் பிடிப்பது இரும்பு, பிடிக்காதது பித்தளை, அலுமினியம், தாமிரம். பிடிக்காததுதான் விலை. மேட்டுக் காலனி விலாசத்துக்கு அங்கே கேட் பாஸ் கிடையாது. அமுலுவின் ஆதார் அட்டையில் இன்னும் தாய்வீட்டுத் திருவாலங்காடு விலாசமே இருந்ததால் உள்ளே நுழைந்தாள்.

செல்போனைக் கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பதினோரு மணி டீக்கு அவள் போனை வாங்கிப் பார்த்தபோது வக்கீலிடமிருந்து ஆறு தவறிய அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, குப்புராஜ் அந்த வீட்ல இருக்காரா இல்லையா?"

"இருக்காரு சார். இன்னா சார்?"

"வி.ஏ.ஓ. காலையில நேர்ல வந்து விசாரிச்சிருக்கார். 'மேற்படி விலாசத்தில் அப்படி ஒரு நபர் இல்லை, அக்கம்பக்கத்தார் நால்வரும் அவ்வாறே கூறினர்'னு ரிப்போர்ட் வந்திருக்கு. யாரும்மா அந்த நாலு பேர்? உங்களுக்கு வேண்டாதவங்களா?"

கறுப்பு ஷூவும், ஃபைலில் நின்றபடியே எழுதிய இரண்டு வரியும் அமுலுவின் கண்முன் வந்தன. "வேண்டாதவங்க இல்ல சார்" என்றாள். "நான்தான் சார்."

லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பிறகு வக்கீல், நாளை மறுநாள் மாலைக்குள் வேறு ரிப்போர்ட் வந்தால்தான் உண்டு, இப்போதே போய் அந்த வி.ஏ.ஓ.வைப் பார் என்று சொல்லி வைத்துவிட்டார். பாதி ஷிப்டில் போகவேண்டும் என்றதற்கு சூப்பர்வைசர், "போ, நாளைக்கி வரும்போது காந்தத்த வேற யாராவது புட்சினு இருப்பாங்க, கேக்கக் கூடாது" என்றான். அவள் கேட்கவில்லை, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தாள்.

வி.ஏ.ஓ. அலுவலகம் ரேஷன் கடைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. ஜனார்தனன் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஊர் திருவள்ளூர், கோயில் கைங்கரியக் குடும்பம். மேசையில் ஒவ்வொரு பதிவேடும் விளிம்போடு விளிம்பு சேர்த்து அடுக்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"காலையில லாரிகிட்ட நின்னது நீங்கதானே?"

"ஆமா சார்."

"குப்புராஜ்னு யாரும் இல்லைன்னு சொன்னதும் நீங்கதான்."

"தப்புதான் சார். போலீஸுன்னு நெனச்சிக்கினு சொல்ட்டேன்."

"போலீஸ் கேட்டா மட்டும் பொய் சொல்லலாமா?"

அவள் தரையைப் பார்த்தாள். "எங்க தெருவுல ஒருத்தி உண்மைய சொன்னா சார். பரசுராமன் சம்சாரம். 'உள்ளதான் தூங்கினு கீறாரு'ன்னா. தூங்கினு இருந்தவர அப்டியே ஏத்திக்கினு போனாங்க. இன்னும் வரல."

ஜனார்தனன் பேனாவின் மூடியைப் போட்டான், கழற்றினான். "நீங்க குப்புராஜுக்கு என்ன உறவு?"

"உறவு இல்ல சார். அவரு ஜாமீன் எழுதிக் குட்த்தது எங்க ஊட்டுக்காரருக்கு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பேனாவைக் கீழே வைத்தான். தனக்கு முன்னால் பக்கத்து வட்டத்தில் இருந்த சீனியர் ஒருவர், இல்லாத ஆளை இருப்பதாக எழுதிக் கொடுத்துச் சஸ்பெண்ட் ஆகியிருப்பதைச் சொன்னான். எழுதியதை அடிக்க முடியாது. மேல்விசாரணை என்று இன்னொன்று எழுதலாம். அதற்கு நாளைக் காலை ஒன்பது மணிக்கு வருவான். ஐந்து அக்கம்பக்கத்தார் தங்கள் பெயர், கதவு எண்ணோடு கையெழுத்துப் போடவேண்டும். அமுலு போடக்கூடாது. குப்புராஜ் தன் வீட்டில் இருக்கவேண்டும். வீட்டுக்குள் போய் அடுப்படி, படுக்கை எல்லாம் பார்த்துப் போட்டோ எடுப்பான்.

"உள்ள வரணுமா சார்? வாசல்லயே எட்த்துக்கலாமே."

"இன்னைக்கு வாசல்ல நின்னு கேட்டதாலதானேம்மா இந்த நிலைமை?"

சாயங்காலம் தூறல் பிடித்துக்கொண்டது. அவள் பதினாலாம் நம்பர் கதவை மூன்று தரம் விட்டுவிட்டுத் தட்டினாள். தெரு ஆட்கள் தட்டுகிற முறை அது. பூங்காவனம் கதவை ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து, நுழைந்ததும் சாத்தினாள். ஒரே அறை. ஜன்னலில் சாக்கு அடித்திருந்தது. அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. குப்புராஜ் டூட்டிக்குப் போக யூனிபார்ம் பேண்ட் போட்டு, மேலே வெறும் பனியனோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார். பீரோவுக்குப் பின்னால் பாய் விரித்த இடத்தில் சரவணன். இருபத்தாறு வயது. வெயில் படாமல் அவன் முகம் வேகாத மாவுபோல் வெளுத்திருந்தது.

அமுலு எதையும் மறைக்காமல் சொன்னாள். காலையில் வந்தது யார், அவள் என்ன சொன்னாள், நாளை ஒன்பது மணிக்கு என்ன நடக்கவேண்டும்.

பூங்காவனம் கரண்டியைக் கீழே வைத்தாள். "படி ஏறக்கூடாதுன்னுதான பேச்சு?"

"ஆமா அத்தே."

"உன் புருஷன் வர்றதுக்கு என் புள்ள போவணுமா?"

"போவ வேணா அத்தே. அர மணி நேரம். அந்தாளு வந்துட்டுப் போற வரைக்கும் எங்க ஊட்ல வந்து இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

"பகல்ல இந்தக் கதவ தாண்டி அவன நட்த்தினு போவியா? மதகாண்ட குந்தினு கீறானுங்களே, அந்த கஞ்சா பசங்க, அவனுங்க யாருக்கு தகவல் சொல்றானுங்கன்னு உனக்குத் தெரியுமா? ஒரு போன் போதும்."

"விடியறதுக்கு முன்ன வரட்டும்."

"உங்க ஊட்ல புட்ச்சா? வாரண்ட் ஆள ஒளிச்சி வெச்சேன்னு உன்னையும் தூக்குவான். அப்ப உன் புருஷன் வந்து யாரப் பாப்பான்?"

அதை அமுலு வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். யோசித்தும் வேறு வழி தெரியவில்லை. "அத நான் பாத்துக்கறேன்" என்றாள் மறுபடியும். அந்த வார்த்தையில் ஒரு பலமும் இல்லை என்பது அவளுக்கே கேட்டது.

குப்புராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை. "நான் சொல்லியிருக்கணும்" என்றார் கடைசியில். "வக்கீலு எங்கிட்டதான் சொன்னாரு. ஆள் வரும்னு. தூக்கத்துல பூட்ச்சி."

"நீ எத சொல்லியிருக்க, இத சொல்றதுக்கு?" என்றாள் பூங்காவனம். பிறகு அமுலுவிடம் திரும்பினாள். "அந்த அஞ்சி கையெழுத்து யாரு போடுவா? கேட்டியா?"

கேட்டிருந்தாள். வரும் வழியில் ஏழு வீட்டில் கேட்டாள். கவர்மெண்டு பேப்பரில் பேர் ஏறினால் நாளைக்கு சாட்சி என்று கூப்பிடுவான் என்றார்கள். பெரியவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் ஒருத்தி. அவள் வீட்டில் அவளுக்குப் பெரியவள் யாரும் இல்லை. தேசம்மாள் மட்டும்தான் சரி என்றாள், அவளோ ஏற்கனவே முதல் ஜாமீன்தாரர்.

பீரோவுக்குப் பின்னாலிருந்து சரவணன் முதல் முறையாகப் பேசினான். மெதுவாகப் பேசிப் பழகிய குரல்.

"அண்ணி, அந்த வக்கீல் நம்பர் குடு."

"உனக்கு எதுக்குடா?" என்றாள் பூங்காவனம்.

"நானே போறேம்மா. காலையில மொத பஸ்ஸுல போயி அவர பாத்து, கோர்ட்ல நிக்கறேன். வாரண்ட ரீகால் பண்ணச் சொல்லி மனு போடலாம்ல? ஃபைன போட்டு விட்டாலும் விடுவாங்க."

"விடலன்னா?"

"விடலன்னா உள்ள. இப்ப மட்டும் எங்க கீறேன்?"

பூங்காவனம் அவனை அடிப்பதுபோல் கையை ஓங்கிக்கொண்டு போனாள். கை அவன் தலைமேல் போய் நின்றது, இறங்கவில்லை. "இவ வந்து கேட்டதால போறியா?" என்றாள்.

"அதுக்காகவும்தான். எட்டு மாசமா மழ பெய்யுதா வெயில் அடிக்குதான்னு தகரத்து மேல சத்தத்த வெச்சி கண்டுபுடிச்சினு கீறேன். முடியல நைனா." கடைசி வார்த்தையை அவன் அப்பாவைப் பார்த்துச் சொன்னான்.

குப்புராஜ் எழுந்து கை கழுவினார். யூனிபார்ம் சட்டையைப் போட்டார். பொத்தானைத் தப்பாகப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார். "காலையில நான் வந்துட்றேன். ஒம்போது மணிக்கு இங்கதான் இருப்பேன்" என்றார். அது யாரிடம் சொன்ன பதில் என்று தெரியவில்லை. அமுலு நம்பரைச் சொன்னாள். சொல்லும்போது, வேண்டாம் என்று தான் தடுக்கவில்லை என்பதையும் கவனித்தாள். ஒரு வார்த்தை, ஒப்புக்காவது, சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் கேட்டுவிடுவானோ என்ற பயம்.

விடியலில் அவன் போனதைத் தெரு பார்த்தது. சாக்கு விலக்கிய ஜன்னல்கள், லேசாய்த் திறந்த கதவுகள். தூறலில் தலையில் எதுவும் போடாமல், தெருவின் நடுவில் மெதுவாக நடந்து போனான். பூங்காவனம் வாசலோடு நின்றுவிட்டாள்.

ஒன்பது மணிக்கு ஜனார்தனன் வந்தான். அன்றும் லாரி வந்திருந்தது, அன்றும் பெண்கள் நின்றிருந்தார்கள். அவன் வண்டியைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, நடந்து வந்து, யாரிடம் ஆரம்பிப்பது என்று தயங்கி நின்றான். அமுலு சொல்லி இனி எடுபடாது.

அப்போது பதினாலாம் நம்பர் கதவு இரண்டு பக்கமும் சுவரில் இடிக்கத் திறந்தது. பூங்காவனம் படியில் நின்றாள்.

"இதான் குப்புராஜ் ஊடு. நான் அவரு சம்சாரம். வாங்க, வந்து எல்லாத்தையும் பாத்துக்குங்க. அடுப்பு பாருங்க. பீரோ பின்னால பாருங்க. இனிமே இங்க மறைக்க ஒண்ணும் இல்ல."

சத்தமாகச் சொன்னாள். லாரி டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தான். ஜனார்தனன் செருப்புகள் கிடந்த இடத்தில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனான். குப்புராஜ் யூனிபார்மோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவரை வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்தான். வெளியே வந்து ஃபைலைத் திறந்து, "ஐந்து பேர்" என்றான்.

முதல்நாள் தெருவுக்கே புதுசு என்றவள் குடத்தை இறக்கி வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, பேனாவை வாங்கி, பேரையும் கதவு எண்ணையும் எழுதினாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. பின்னாலேயே காது கேட்காதவள் வந்தாள். அதன்பின் மூன்று பேர், ஒருத்தி பெருவிரலில் மை தடவி. அமுலுவுக்காக அவர்கள் வந்தார்கள் என்று சொல்ல முடியாது. பூங்காவனம் திறந்துபோட்ட கதவுக்கு முன்னால் அவர்களால் சும்மா நிற்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கோர்ட் ஜாமீன்தாரர்களை ஏற்றுக்கொண்டது. சனிக்கிழமை டில்லிபாபு வந்தான்.

சரவணனுக்கு ஃபைனோடு முடியவில்லை. ஒன்றரை வருடம் வராதவனை எப்படி நம்புவது என்று கேட்டுப் பதினைந்து நாள் ரிமாண்ட் செய்தார்கள்.

வீடு வந்தவனுக்கு அமுலு நெத்திலி வறுத்து, ரசம் வைத்து, சோறு போட்டாள். டில்லி இளைத்திருந்தான். தட்டை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, யாரோ பிடுங்கிவிடுவதுபோல் வேகமாகச் சாப்பிட்டான். திங்கட்கிழமையிலிருந்து தினமும் பத்தரைக்குக் கையெழுத்து, கிரேன் வேலை இனி இல்லை, யார்டில் அவள் இடமும் போய்விட்டது என்பதையெல்லாம் சாப்பிட்ட பிறகு பேசலாம் என்று அவள் நினைத்திருந்தாள். விளக்கு வைக்கும் நேரம். வாசலில் நிழல் விழுந்தது.

பூங்காவனம் கூப்பிடக் காத்திருக்காமல் உள்ளே வந்தாள். அமுலு எழுந்து நின்றாள். திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும் என்று மனதைத் தயார் செய்துகொண்டாள். பூங்காவனம் அவளைப் பார்க்கவில்லை. டில்லியிடம்தான் கேட்டாள்.

"உள்ள பாத்தியாடா அவன?"

"பாத்தேன் அத்தே. நேத்து அட்மிஷன் லைன்ல நின்னினு இருந்தான். நம்ம தெரு ஆளுங்க பிளாக்லயே போடச் சொல்லி கேட்டுக்கீறோம்."

"துன்னானா?"

"துன்னான் அத்தே."

அவள் தலையை ஆட்டினாள். முந்தானை முடிச்சிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அமுலுவிடம் நீட்டினாள். சரவணனின் கேஸ் நம்பர்.

"வக்கீல பாத்துட்டு வரேன். ஜாமீன் மனு போட்டா கிடைக்குமாம். ரத்த உறவுக்கு நான் நிப்பேன். ரசீது ஆளு ஒருத்தரு வேணும். அவன் அப்பனோட ரசீது உன் புருஷன் கேஸ் கட்டுல கெடக்குது."

தெருவில் வேறு ரசீது இல்லை என்பதை இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

"உங்க ஊட்டு ரசீது யாரு பேர்ல கீது?"

"செத்துப்போன எங்க மாமியா பேர்ல அத்தே. மாத்தவே இல்ல."

"மாத்து. உன் பேருக்கு. இவன் பேர்ல மாத்தினா செல்லாது, இவனே ஜாமீன்ல வந்தவன். இவனும் தேசம்மாவும் கையெழுத்து போடணுமாம், சாவு சர்டிபிகேட் வேணுமாம், கேட்டுக்கினுதான் வந்தேன். பாஞ்சி நாள் ரிமாண்டு. அதுக்குள்ள நீ வந்து என் புள்ளைக்கி நிக்கணும்."

"பதினஞ்சி நாள்ல முடியுமா அத்தே? ஆபீஸுல இழுத்தடிச்சா..."

"முடியலன்னா எங்க ஊட்டுக்காரரு போயி உன் புருஷனுக்கு நின்ன ஜாமீன வாபஸ் வாங்கி, அந்த ரசீத என் புள்ளைக்கி வெப்பாரு. வாங்கலாமாம். அதையும் கேட்டுக்கினுதான் வந்தேன்."

டில்லியின் கை தட்டில் நின்றது. அமுலு அவள் முகத்தைப் பார்த்தாள். கோபத்தைத் தேடினாள், இருந்திருந்தால் சமாதானம் சொல்லியிருப்பாள், காலில்கூட விழுந்திருப்பாள். கோபம் இல்லை. இரண்டு நாளாக ஒவ்வொரு இடமாகப் போய் விசாரித்து, வேறு வழி இல்லை என்று தெரிந்துகொண்டு வந்த களைப்புதான் இருந்தது. பதினைந்தாவது நாள் சொன்னபடியே செய்வாள்.

"நானே ஆபீஸுல போயி நிக்கறேன் அத்தே, வாபஸ்லாம் வேணாம்..." என்று டில்லி ஆரம்பித்தான்.

"நீ துன்னுடா" என்றாள் பூங்காவனம்.

அமுலு கட்டிலுக்கு அடியில் குனிந்து தகரப் பெட்டியை இழுத்தாள். மாமியார் செத்ததை எந்த ஆபீஸிலும் போய்ச் சொன்னதில்லை; சொல்லப் போனால் வீட்டில் யார் யார் என்று கேட்பான் என்று விட்டிருந்தார்கள். அந்தக் கிழவி உயிரோடு இருந்ததற்கு, செத்ததற்கு, எதற்காவது ஒரு காகிதம் இருக்கவேண்டும். பெட்டியில் இருந்ததையெல்லாம் தரையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

பூங்காவனம் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். கிடைக்கும்வரை எழுந்து போகிற உத்தேசம் அவளுக்கு இல்லை.